அன்று யாரும் தட்டவில்லை

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படி ஆரம்பிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லையென்றால் முதல் வரியை மட்டும் அடித்துவிட்டு மிச்சத்தைப் படி. உன் தங்கைதான் எழுதுகிறேன். தொந்தரவு செய்கிறேன் என்றால் மன்னித்துவிடு.

நான் இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். போன வாரம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும்போது மனிதர் வாய் ஓயாமல் பேசினார். அவர்கள் டிப்போவில் ஒரு ஸ்பானர் அக்கா இருக்கிறாளாம். டூல் ரூம் அவள் பொறுப்பாம். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் அதனதன் உருவத்தைப் பெயின்டில் வரைந்து வைத்திருக்கிறாளாம். எடுத்ததை அந்த உருவத்தில் திரும்ப மாட்டாவிட்டால் மேனேஜரையே வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பாளாம். "அந்தம்மா சிரிச்சு நாங்க பார்த்ததே இல்லைங்க. கோபம் வந்தா இடது காதைப் பிடிச்சு இழுத்துக்குவாங்க, அப்ப நாங்க தள்ளி நின்னுக்குவோம்" என்றார். நான் கையிலிருந்த லென்ஸைக் கீழே போட்டுவிட்டேன். அந்தக் காதை இழுக்கும் பழக்கத்தை உலகத்தில் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். தெருப் பிள்ளைகளுக்கு இன்னும் பாடம் சொல்லித்தருகிறாள். எல்லோருக்கும் அவள் இன்னும் டீச்சரம்மாதான். என்னையும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். தினமும் என் போனை வாங்கிப் பார்ப்பாள், அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை. நீ தப்பாக நினைத்துக்கொள்ளாதே.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. நீ வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. போன அடுத்த வாரம், ஒரு மத்தியானம், நீ திரும்பி வந்து கதவைத் தட்டினாயா? நானும் அம்மாவும் உள்ளே இருந்தோம். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன். அம்மா தலையை நிமிர்த்தாமல், "உட்காரு. யாரும் தட்டலை" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம், இல்லை, இரண்டில் ஒரு சொல் எழுதினால் போதும். காரணம் கேட்காதே என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஆனால் கேட்காமல் இருந்தால் நல்லது. கடை முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம். மன்னித்துவிடு.

தங்கை


பிப்ரவரி 11

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவருக்கு,

கடிதம் வந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்பில் பசை இரண்டு அடுக்காக இருக்கிறது. ஒருமுறை ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டிய உறை அது. யார் பிரித்தது? ஆவியில் காட்டி உறை பிரிக்கும் வித்தையைக் கரைத்துக் குடித்த ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள். எனக்கு வந்த வேலைக் கடிதத்தையே அப்படித்தான் எனக்கு முன்னால் படித்தாள்.

இந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னது யார்? இவ்வளவு வருஷம் கேட்காத கேள்வி இப்போது எதற்கு? நீ எழுதும்போது அவள் பக்கத்தில் நின்றாளா, உட்கார்ந்திருந்தாளா?

பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட நம்மை உட்கார வைத்துச் சித்திக்குக் கடிதம் எழுத வைப்பாளே, நினைவிருக்கிறதா? அவள் சொல்லச் சொல்ல நாம் எழுத வேண்டும். "அம்மா எங்களுக்காக உயிரையே விடுகிறாள்" என்ற வரி எல்லாக் கடிதத்திலும் வரும். உன் கை வலிக்குமே என்று நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுவேன். உன் கடிதத்தில் அந்த வரி இல்லை. அதுதான் எனக்கு இடிக்கிறது. அவள் லேசுப்பட்டவள் இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் நான் நம்புவேன் என்று கணக்குப் போட்டே விடச் சொல்லியிருப்பாள்.

ஆமாம் என்றால் என்ன செய்வாய்? இல்லை என்றால் என்ன செய்வாய்? அதைச் சொல். பிறகு பார்க்கலாம்.

அந்த டிரைவரிடம் இனி டூல் ரூம் பக்கம் வரும்போது வாயை மூடிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பாவம், ஏன் என்று தெரியாமல் முழித்தார்.

பொறுப்பாளர், டூல் ரூம்


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உறையைப் பிரித்து ஒட்டியது நான்தான். கடிதத்தில் "மன்னித்துவிடு" ரொம்ப அதிகமாக இருப்பதாகத் தோன்றியது. பிரித்து, அந்தப் பக்கத்தைக் கிழித்து, வேறு எழுதி வைத்தேன். அப்படியும் சில மிஞ்சிவிட்டன. எழுதியது கடையின் பின்னறையில், சாப்பாட்டு நேரத்தில். என் பக்கத்தில் ஃபிரேம் பெட்டிகள் மட்டும்தான் இருந்தன. இதையெல்லாம் நீ நம்புவாயா என்று தெரியவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

நீ கேட்டதால் காரணத்தைச் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் சத்தம் கேட்டது என்று நான் சொன்னேன் இல்லையா? மறுநாள் அம்மா என்னைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கருவியெல்லாம் வைத்துச் சோதித்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது என்றார். என் எதிரில்தான் சொன்னார். வெளியே வந்ததும் அம்மா என் தலையைத் தடவி, "காதுல கோளாறு இல்லையாம்டி. நரம்புலயாம். இல்லாத சத்தமெல்லாம் கேக்குமாம். நீ பயப்படாத, நான் இருக்கேன்ல" என்றாள். அவர் அப்படிச் சொல்லவே இல்லையே என்றேன். "பார்த்தியா, சொன்னதே உனக்குக் கேக்கல" என்றாள். தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எல்லோரும் என்னிடம் கொஞ்சம் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தார்கள். எல்லோரும் நல்லவர்கள், அக்கா. அன்பாகத்தான் பேசினார்கள்.

அதிலிருந்து யாராவது கூப்பிட்டால் நான் உடனே திரும்புவதில்லை. பக்கத்தில் இருக்கும் பெண் திரும்புகிறாளா என்று பார்ப்பேன். அவள் திரும்பினால் நானும் திரும்புவேன். கடையில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர்.

இப்போது முதலாளி வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறார். அதை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார். மாடியில் தங்க அறையும் உண்டு. மார்ச் பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "போயேன், நான் எதுவும் சொல்லலையே. ராத்திரி எவனாவது கதவைத் தட்டினா உனக்கு நிஜமா பொய்யானு தெரியாதே, அதுதான் என் கவலை" என்று சிரித்தாள்.

அதனால்தான் கேட்கிறேன். நீ தட்டியிருந்தால் என் காதில் ஒன்றும் இல்லை, நான் போகலாம். தட்டவில்லையென்றால் அம்மா சொல்வது சரி, நான் இங்கேயே இருந்துவிட வேண்டியதுதான்.

கடையில் லென்ஸைப் போட்டு, "முதல்ல வெச்சது தெளிவா இருக்கா, இப்ப வெச்சதா?" என்று கேட்டால், சிலர் எழுத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். எது சரியான பதில் என்று என் முகத்தில் தேடுவார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் அழுகை வரும். நான் வீட்டில் அப்படித்தான் இருக்கிறேன். இப்போது உன் முகமும் இல்லாமல் உன்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

உன் தங்கை


பிப்ரவரி 22

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நன்றாக இருக்கிறது. அழுகை வருகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. அழ வைக்கத் தெரிந்தவர்களைப் பார்த்தால் என் கை தானாகப் பூட்டைத் தேடும்.

ஒன்று சொல்கிறேன், சிரித்துவிடாதே. நான் குடியிருக்கும் அறையில் என்னைத் தவிர ஈ காக்கை கிடையாது. இருந்தும் அலமாரியில் கெட்டில் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன். சீப்புக்கு ஒரு கோடு, சாவிக்கு ஒரு கோடு, மாத்திரை டப்பாவுக்கு ஒரு கட்டம். வேலையிலிருந்து வந்ததும் விளக்கைப் போட்டு, எல்லாம் கோட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன். ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். என் மூக்குத்தித் திருகை நான் மேஜையில் வைப்பேன், அது சோப்பு டப்பாவில் இருக்கும். என் அடையாள அட்டை பரீட்சை அன்று காலையில் அரிசி டின்னுக்குள் கிடைக்கும். அவள்தான் தேடி எடுத்துத் தருவாள், எல்லோர் எதிரிலும். "இவளுக்கு இவ்வளவு மறதி இருந்தா நாளைக்கு என்ன பண்ணப் போறாளோ" என்று கண் கலங்குவாள். எடுத்து ஒளித்தவளே தேடித் தந்தவள் என்று நான் கண்டுபிடிக்க இருபது வயது தாண்டிவிட்டது. டிப்போவில் இந்த வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தபோது அந்தப் பலகையைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்று காணாமல் போனால் அதன் வெற்று உருவம் சுவரிலேயே இருக்கும், யாரும் பூசி மெழுக முடியாது. சம்பளம்கூடக் கேட்காமல் சரி என்றேன்.

இப்போது கேட்கிறேன். நான் போன பிறகு சித்தியை ஒருமுறை வழியில் பார்த்தேன். "அவ வந்தா கதவைத் திறக்கவே கூடாதுன்னு உன் தங்கச்சிதான் ஒத்தைக் காலில நின்னாளாம், உங்கம்மா சொல்லி அழுதா" என்றாள். நீ சொன்னாயா? சொன்னாய் என்றால் இப்போது எதற்கு இந்தக் காது கதை? சொல்லவில்லை என்றால் அதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

உன் கேள்விக்குப் பதில் இப்போது இல்லை.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதே. என் வலது கண்ணில் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. நட்டு எது, போல்ட்டு எது என்று தடவிப் பார்த்துத்தான் எடுக்கிறேன். டிப்போவில் தெரிந்தால் வேலை போய்விடும்.

டூல் ரூம்


பிப்ரவரி 25

அக்கா,

கடிதம் பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீ கேட்ட மற்றதற்கெல்லாம் பிறகு எழுதுகிறேன். இப்போது கண்.

ஓரத்திலிருந்து திரை இழுக்கிற மாதிரி இருக்கிறதா, நடுவில் புகை படிந்த மாதிரி இருக்கிறதா? நேர்க்கோடு வளைந்து தெரிகிறதா? மின்னல் மாதிரி ஏதாவது தெரிகிறதா? திரை மாதிரி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. எடை தூக்காதே. வெல்டிங் நடக்கும் பக்கம் போகாதே. குனிந்து எதையும் எடுக்காதே, அவர்களையே எடுக்கச் சொல்.

எங்கள் கடைக்கு வாரம் ஒருமுறை ஒரு கண் டாக்டர் வருவார். அவரிடம் கேட்டேன். யாருக்கு என்று கேட்டார். "எங்க அக்காவுக்கு" என்றேன். ஒன்பது வருஷத்தில் இந்தச் சொல்லை வெளி ஆளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். தன் ஆஸ்பத்திரிக்கு நீ எந்த நாளில் வந்தாலும் வரிசையில் நிற்க வைக்காமல் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். சீட்டு இதனுடன் இருக்கிறது. பேர் எழுதச் சொல்லவில்லை, வெறுமனே "அக்கா" என்று போட்டிருக்கிறார். டிப்போவில் யாருக்கும் தெரியாது.

வீட்டில் தாமதமானதற்குச் சரக்கு எண்ணினோம் என்று சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

என் கேள்வியை விடு. முதலில் கண்ணைப் பார்.

தங்கை


மார்ச் 4

தங்கச்சி,

உட்கார்ந்துகொண்டு படி. என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கழுகுக் கண் என்று இங்கே எல்லோரும் திட்டுகிற கண்தான்.

உன்னிடம் மட்டும் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தால், அது சித்தி வாயில் வருகிறதா என்று பார்க்கலாம் என்று செய்தேன். சித்தி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் எங்கள் டிப்போவில் கண்டக்டர். அவரிடம் நைசாக நூல் விட்டுப் பார்த்தேன். சித்தியின் முழங்கால் வலி, சித்தி வீட்டுப் பூனை, சித்தியின் நாத்தனார் சண்டை எல்லாம் வந்தது. என் கண் வரவில்லை. ஆக நீ வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் இந்நேரம் டிப்போவுக்கே வந்து, மேனேஜர் எதிரில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பாள்.

நீ தேறிவிட்டாய். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். டாக்டர் சீட்டைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. வருகிற புதன்கிழமை மூன்று மணிக்குக் கடை போனிலிருந்து டிப்போவுக்குக் கூப்பிடு. பேச வேண்டிய விஷயம் எதுவும் இல்லை. நீ பேசும்போது பக்கத்தில் வேறு யாராவது மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். அது மட்டும் சரியாக இருந்தால், உன் கேள்விக்கு அன்றே பதில் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

புதன்கிழமை நான் கூப்பிடமாட்டேன்.

அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்வாளே, உனக்கு நினைவில்லாமல் இருக்காது. யார் முதலில் ஓடி வருகிறார்கள், யார் முதலில் அழுகிறார்கள் என்று பாதிக் கண்ணைத் திறந்து பார்ப்பாள். பிந்தியவளிடம் நாள் கணக்கில் பேசமாட்டாள். ஒருமுறை நீ நிஜம் என்று நம்பி, மழையில் ஓடி, எதிர்த் தெரு டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாய். அதற்குள் அம்மா எழுந்து தலை சீவிக்கொண்டு, அவருக்குக் காபி போட்டாள். "மூத்தவளுக்கு எப்பவும் நாடகம்னா உசிரு டாக்டர்" என்றாள். நீ சொட்டச் சொட்ட வாசலில் நின்றாய். அம்மா சிரித்தாள் என்பதால் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயில் கசக்கிறது.

அன்று நீ மழையில் ஓடிய மாதிரிதான் உன் கண்ணுக்காக நான் ஓடினேன். நீ வாசலில் நிற்க வைத்து, "தேறிவிட்டாய்" என்கிறாய்.

நீ அம்மா மாதிரி என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ செய்தது அவள் செய்வது. அதை அங்கேயே நிறைய அனுபவித்துவிட்டேன். அஞ்சலிலும் வரவழைக்க வேண்டாம்.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன், என்னால் அது முடியும். கதவைத் திறக்காதே என்று நான் சொல்லவில்லை. எழுந்தேன், உட்கார் என்றாள், உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்தது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

இப்போது உன் பதிலும் எனக்கு வேண்டாம். முகத்தைப் பார்த்துப் பதில் தேடும் ஆட்களிடம் கடையில் ஒன்று சொல்வேன். "என்னைப் பார்க்காதீங்க. உங்களுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க, அதுதான் சரி." நேற்று ஒரு பெரியவரிடம் இதைச் சொல்லிவிட்டு, பின்னறைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். என்ன கேட்டது? விரல் முட்டியால் இரண்டு தட்டு. பிறகு உள்ளங்கையால் அடித்த சத்தம். பிறகு கதவின் அடிப்பலகையில் ஒரு உதை. பிறகு படியில் இறங்கிப் போன சத்தம். அதில் ஒரு கால் மட்டும் தேய்ந்து இழுபட்டுப் போனது. அது ஏன் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும் கேட்டது. நீயாக இல்லாமலும் இருக்கலாம். யாரோ ஒரு பிச்சைக்காரராகக்கூட இருக்கலாம். ஆனால் யாரோ தட்டினார்கள்.

முதலாளியிடம் சரி என்று சொல்லிவிட்டேன். பதினாறாம் தேதி கிளம்புகிறேன். அம்மாவிடம் அன்று காலையில்தான் சொல்வேன். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, பஸ் ஏறிவிடுவேன். இப்போதே பயமாக இருக்கிறது. இருக்கட்டும்.

உன் கண் நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் தங்கை


மார்ச் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

தட்டினேன்.

நீ வேண்டாம் என்றாய். இருந்தாலும் இந்தச் சொல் உன்னுடையது, என்னிடம் இருக்கக் கூடாது. உன் முதல் கடிதம் வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு, இதைச் செய் தருகிறேன், அதைச் செய் தருகிறேன் என்று உன்னைக் குதிக்க வைத்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு டூல் ரூமுக்குள் நடந்தேன். எந்த மகராசன் எதைக் கேட்டு வந்தாலும் எரிந்து விழுந்தேன். பிறகு அந்த நெஞ்சுவலி வரியை மறுபடி படித்தேன். கருவி எடுப்பவர்கள் டோக்கன் போடும் பெட்டியை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஸ்பானர் அக்கா அழுகிறாள் என்று டிப்போ முழுக்க ஆச்சரியம். ஒருத்தர் வந்து, திருப்புளியைத் தொலைத்தது நான்தான் என்று தானாக ஒப்புக்கொண்டார்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். அவள் என்னைத் துரத்திய பிறகு, இந்த டிப்போவுக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. இரண்டு கட்டில் போட்ட அறையாகப் பார்த்துக் கேட்டு வாங்கினேன். இரண்டாவது உனக்கு. உன்னைக் கூட்டிப்போகத்தான் வந்தேன். மத்தியானத்தில் அவள் படுத்துத் தூங்குவாள் என்று நினைத்தேன். முட்டியால் இரண்டு தடவை தட்டினேன். திறக்கவில்லை. உள்ளே கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளங்கையால் அடித்தேன். கத்திச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கத்தி மறுபடி நறுக்க ஆரம்பித்தது, அதே நிதானத்தில். இரண்டு பேரும் கேட்டுவிட்டு, பேசி முடிவெடுத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். சித்தி சொன்னபோது அதனால்தான் உடனே நம்பினேன். ஆத்திரத்தில் கதவை உதைத்தேன். உதைத்ததில் வலது செருப்பின் வார் அறுந்துவிட்டது. அதை இழுத்துக்கொண்டுதான் படி இறங்கினேன். தெருமுனைக் குப்பைத் தொட்டியில் இரண்டையும் போட்டுவிட்டு, வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.

செருப்பு அறுந்ததை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. உன் காதுக்கு ஒன்றும் இல்லை. மூடிய கதவுக்கு உள்ளேயிருந்து, அறுந்த வாரைக்கூடக் கேட்ட காது அது.

இதை எழுதும்போதே ஒரு எண்ணம் வந்தது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாளோ, நான் காலை இழுத்து நடந்ததை அவள்தான் உனக்குச் சொல்லி எழுத வைத்தாளோ என்று. வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இனிமேலும் வரும். அவள் வீட்டை விட்டு வந்துவிட்டேன், அவள் கண் இன்னும் என் கண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கூப்பிட்டதும் திரும்பாத உன் பழக்கமும் பதினாறாம் தேதி பஸ் ஏறியதும் போய்விடாது. அதற்காக உன்னை நீ திட்டிக்கொள்ளாதே. உன்னைச் சோதித்தது என் தப்பு. இனி சோதிக்கமாட்டேன். சந்தேகம் வந்தால், வந்திருக்கிறது என்று உன்னிடமே சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

என் வீட்டு முகவரி கீழே இருக்கிறது. டிப்போவில்கூட ஒருவருக்கும் கொடுத்ததில்லை. உன் கிளை இருக்கும் ஊருக்கு இங்கிருந்து பஸ் போகிறது. இன்ன நாளில் வா என்று நான் சொல்லமாட்டேன். வரவே வேண்டாம் என்று தோன்றினாலும் சரி, உனக்கு அதற்கு நியாயம் இருக்கிறது. அந்த இரண்டாவது கட்டிலில் இவ்வளவு நாளும் பழைய துணியைப் போட்டு வைத்திருந்தேன். நேற்று எடுத்துவிட்டேன்.

வந்தால் கதவைத் தட்டு. நான் உடனே திறக்கமாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பேன். உன் பின்னால் படியில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பேன். ஒருவேளை இரண்டு தடவை பார்ப்பேன். நீ தப்பாக நினைத்துக்கொண்டு இறங்கிப் போய்விடாதே. உள்ளேயிருந்து, "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பேன். பார்த்து முடித்ததும் திறப்பேன்.

அக்கா